பட்டியல் வேண்டாம், பை போதும்: உழவர் சந்தைக்குப் புதிதாகப் போகிறவர்களுக்கு

உழவர் சந்தைக்கு முதல் தடவை போகிறவர்கள் பெரும்பாலும் கையில் ஒரு பட்டியலோடு போகிறார்கள். பீன்ஸ் அரைக் கிலோ, கேரட் அரைக் கிலோ, காலிஃபிளவர் ஒன்று, குடைமிளகாய் கால் கிலோ. ஒன்பது மணி வாக்கில் போய்ச் சேருகிறார்கள். கேட்டதில் பாதி இல்லை, இருப்பதில் பாதி வாடிக் கிடக்கிறது. "இதுக்கு நம்ம முக்குக்கடையே தேவலை" என்று திரும்பிவிடுகிறார்கள்.

அந்தப் பட்டியலை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். கடைக்காரர் நாம் கேட்பதை எங்கிருந்தாவது வரவழைத்து வைப்பார். விவசாயி அப்படி வைக்க முடியாது. இந்த வாரம் அவர் வயலில் எது காய்த்ததோ அதைத்தான் மூட்டை கட்டிக் கொண்டுவருவார். அதனால் முதலில் காயை வாங்க வேண்டும், அதற்கப்புறம்தான் சமையல் என்ன என்று யோசிக்க வேண்டும். வரிசையை இப்படி மாற்றினால் செலவும் குறையும், சாப்பாடும் நன்றாக இருக்கும். தமிழ்நாட்டில் இருந்துகொண்டு, இதுவரை சூப்பர் மார்க்கெட்டிலும் செயலியிலும் மட்டுமே காய் வாங்கிப் பழகியவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

1. எந்தச் சந்தை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

காய்கறி குவிந்து கிடக்கிற இடமெல்லாம் விவசாயி விற்கிற இடமல்ல. சென்னை கோயம்பேடும் திண்டுக்கல் மாவட்டத்து ஒட்டன்சத்திரமும் மொத்த மண்டிகள். அங்கே விவசாயி சரக்கை இறக்குவார், கமிஷன் கடைக்காரர் விற்றுக் கொடுப்பார், வியாபாரி வாங்கிப் போவார். மூட்டைக் கணக்கில் விலை குறைவாக இருக்கலாம், ஆனால் விளைவித்தவரை நீங்கள் பார்க்க முடியாது. வாரச் சந்தையில் வியாபாரியும் விவசாயியும் கலந்திருப்பார்கள். நடுவில் கூடாரம் போட்டு எல்லாக் காயும் பரப்பியிருப்பவர்கள் மண்டியில் எடுத்து விற்கிறவர்கள். நுழையும் இடத்திலோ ஓரத்திலோ ஒரு சாக்கை விரித்து, அதில் நாலு சுரைக்காயும் ஒரு கூறு அவரைக்காயும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பாட்டி பெரும்பாலும் தோட்டத்துக்காரர்.

உழவர் சந்தை அரசு ஏற்படுத்தியது. மு. கருணாநிதி முதல்வராக இருந்தபோது, 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் முதல் சந்தை திறக்கப்பட்டது. அதே ஆண்டு ஜனவரியில் ஆந்திராவில் இதே மாதிரியான ரைத்து பஜார் தொடங்கியிருந்தது. பஞ்சாபின் அப்னி மண்டி இரண்டுக்கும் மூத்தது. விவசாயி வாடகை கொடுக்க வேண்டாம், தரகு கொடுக்க வேண்டாம், தராசும் சந்தையிலேயே கிடைக்கும் என்பதுதான் ஏற்பாடு. 2001க்குப் பிறகு சில ஆண்டுகள் பல சந்தைகள் கவனிப்பாரில்லாமல் கிடந்து, 2006க்குப் பிறகு மறுபடி உயிர் பெற்றன. இன்று பெரும்பாலான மாவட்டத் தலைநகரங்களில் ஒன்றாவது இருக்கிறது. கோவையில் ஆர்.எஸ்.புரம், சிங்காநல்லூர்; சேலத்தில் சூரமங்கலம், அம்மாபேட்டை; திருச்சியில் தென்னூர்; நெல்லைப் பக்கம் பாளையங்கோட்டை மகாராஜ நகர். சென்னைக்காரர்களுக்கு மட்டும் இந்தக் கொடுப்பினை குறைவு. பல்லாவரம், தாம்பரம் என்று புறநகர்ப் பக்கம் போக வேண்டியிருக்கும்.

இந்தச் சந்தைகளில் விலையை அன்றன்று காலையில் நிர்வாகம் குறிக்கிறது. மண்டியின் மொத்த விலையைவிட ஏறக்குறைய 20 சதவீதம் அதிகம், வெளியே கடையில் விற்கும் சில்லறை விலையைவிட ஏறக்குறைய 15 சதவீதம் குறைவு என்பது கணக்கு. ஒரு பேச்சுக்கு, மண்டியில் கிலோ 20 ரூபாய்க்குப் போகிற கத்தரிக்காய் கடையில் 28 ரூபாய் என்றால், சந்தைப் பலகையில் 24 ரூபாய் என்று எழுதியிருக்கும். விற்கிறவருக்கும் நாலு ரூபாய், வாங்குகிறவருக்கும் நாலு ரூபாய்.

2. கிளம்பும் நேரம், கையில் இருக்க வேண்டியவை

சந்தை விடிவதற்கு முன்பே தொடங்கிவிடும். ஆறு மணியிலிருந்து ஏழு மணிக்குள் போவது நல்லது. கீரை வேண்டுமென்றால் ஆறுக்கே போங்கள். சித்திரை வெயிலில் எட்டு மணிக்கு மேல் எந்தக் கீரையும் தலை தொங்கிவிடும், பிறகு தண்ணீர் தெளித்துத் தெளித்து நிமிர்த்தி வைத்திருப்பார்கள். பத்து மணிக்கு மேல் போனால் விலை இறங்கியிருக்கும், ஆனால் நாலு பேர் பொறுக்கி எடுத்தது போக மிச்சம்தான் கிடைக்கும்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் தள்ளும். முதல் தடவைக்கு ஒரு செவ்வாயோ புதனோ போய்ப் பாருங்கள், நின்று பேச ஆளுக்கு நேரமிருக்கும். அமாவாசைக்கு முதல் நாளும் அன்றும் வாழைக்காய், பூசணி, அவரைக்காய் விலையெல்லாம் ஒரு எட்டு ஏறி நிற்கும். முகூர்த்த நாளை ஒட்டி வாழையிலையும் பீன்ஸும் ஏறும். புரட்டாசியில் பாதி ஊர் கவிச்சியை நிறுத்திவிடுவதால் எல்லாக் காயும் கொஞ்சம் கூடும். நாள்காட்டியைப் பார்த்துவிட்டுக் கிளம்புவது வீண் வேலையல்ல.

இரண்டு மூன்று துணிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. பை கொடுப்பார்கள் என்று வெறுங்கையோடு போகாதீர்கள். கிழங்குக்கும் தேங்காய்க்கும் ஒரு பை, தக்காளிக்கும் கீரைக்கும் வேறு பை. பத்து, இருபது ரூபாய்த் தாளாகக் கொஞ்சம் சில்லறை வேண்டும். ஜிபே பலகை இப்போது எல்லாக் கடையிலும் தொங்குகிறது என்றாலும், காலை ஆறு மணிக்கு ஒரு கட்டுக் கீரைக்கு ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினால் யார் முகமும் சுளிக்கத்தான் செய்யும்.

3. முதல் சுற்றில் எதையும் வாங்காதீர்கள்

நுழைவாசலில் விலைப்பலகை இருக்கும். அதை ஒரு படம் எடுத்துக்கொண்டு, பையை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு, கடைசிக் கடை வரை ஒருமுறை நடந்துவிட்டு வாருங்கள். எந்தக் காய் பத்துக் கடையில் குவிந்து கிடக்கிறதோ அதுதான் இந்த வாரத்துக் காய். ஒரே ஒரு கடையில் மட்டும் இருப்பது பருவத்தின் ஆரம்பமாகவோ முடிவாகவோ இருக்கும். ஆரம்பமென்றால் விலை அதிகம், முடிவென்றால் முற்றியிருக்கும்.

அந்தச் சுற்றிலேயே விவசாயி யார், வியாபாரி யார் என்பதும் தெரிந்துவிடும். உழவர் சந்தையில் விற்பவருக்குப் படம் ஒட்டிய அடையாள அட்டை கொடுக்கிறார்கள். நிலமும் பயிரும் சரிபார்க்கப்பட்ட பிறகுதான் அது கிடைக்கும். அட்டை இருந்தும் மண்டிச் சரக்கை வாங்கி வைத்து விற்கிறவர்கள் உண்டு. இதை மறைத்துப் பயனில்லை. அட்டையைவிட நம்பகமானது கடையில் இருக்கும் சரக்கு. இரண்டு, மூன்று, மிஞ்சினால் ஐந்தாறு வகைக் காய்தான் ஒரு சிறு விவசாயியிடம் இருக்கும். காய்கள் சின்னதும் பெரிசுமாக, ஒரே அளவில் இல்லாமல், காம்போடும் மண்ணோடும் கிடக்கும். பதினைந்து வகை, எல்லாம் ஒரே அளவு, பிளாஸ்டிக் பெட்டியில் அடுக்கிய தக்காளி என்றால் அது வேறு கணக்கு. மதுரையிலோ திருச்சியிலோ ஒருவர் உருளைக்கிழங்கையும் கேரட்டையும் காட்டி "நம்ம தோட்டத்துது" என்றால் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுங்கள், அவை மலையில் விளைபவை. மலைக்காய்க்குச் சில சந்தைகளில் தனிக் கடையே உண்டு, அது ஒளிவுமறைவில்லாத ஏற்பாடு.

யாரிடம் வாங்கினீர்களோ அவர் முகத்தை நினைவில் வையுங்கள். கடை எண்ணை நம்பாதீர்கள், இடம் நாளுக்கு நாள் மாறும்.

4. பேச்சுக் கொடுங்கள்

விளைவித்தவரே எதிரில் உட்கார்ந்திருப்பதுதான் இந்தச் சந்தையில் கிடைக்கிற பெரிய லாபம். விலை குறைவதெல்லாம் அதற்கு அடுத்தபடிதான். ஆனாலும் முக்கால்வாசிப் பேர் வாயைத் திறக்காமல் எடை போட்டு வாங்கிக்கொண்டு போகிறார்கள். "அக்கா, எந்த ஊரு நீங்க?" என்று ஆரம்பித்தால் போதும். அதன்பின் கேட்க வேண்டியவை:

"காலைல பறிச்சதா, நேத்துச் சாயங்காலமா?" இரண்டுமே பரவாயில்லை. பதில் தடுமாறினால்தான் யோசிக்க வேண்டும்.

"இது எத்தனாவது பறிப்பு?" இந்தக் கேள்வியைக் கேட்டதுமே உங்களைப் பார்க்கும் பார்வை மாறும். கத்தரி, வெண்டை, மிளகாய் எல்லாம் ஒரே தடவையில் அறுவடையாவதில்லை. பல பறிப்பு வரும். நடுப் பறிப்புக் காய் திரட்சியாக இருக்கும். கடைசிப் பறிப்புகளில் காய் சிறுத்து, விதை கூடிவிடும். "இன்னும் ரெண்டு பறிப்புதாங்க வரும்" என்றால், அந்தக் காய் இரண்டு வாரத்தில் அவரிடம் இருக்காது என்று தெரிந்துகொள்ளலாம்.

"அடுத்து என்ன வரும்?" பாதி பூத்த அவரைப் பந்தல், மண்ணுக்குள் இருக்கும் சேனை பற்றியெல்லாம் முன்கூட்டியே தெரிந்துவிடும். இரண்டு மூன்று வாரம் தொடர்ந்து போனால், "தம்பி, அடுத்த புதன்கிழமை வாங்க, மொச்சை எடுத்து வைக்கறேன்" என்று அவர்களே சொல்வார்கள்.

"வீட்டுல இதை எப்படிச் செய்வீங்க?" பெயர் தெரியாத கீரையையும் தயங்காமல் வாங்க இந்தக் கேள்வி உதவும். பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, சாரணைக்கீரை என்று கொங்குப் பக்கம் மழைக்குப் பின் வரும் கீரைகளுக்குச் செய்முறையைச் சந்தையில் கேட்பதே சுலபம். செயலிகளில் அவை பெரும்பாலும் விற்பனைக்கு வராது.

5. பார்த்து எடுப்பது

வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்ப்பது எல்லாருக்கும் தெரியும். கூடையில் இருக்கும் அத்தனையையும் ஒடித்துப் போட்டுவிட்டு வாங்காமல் போவது அநியாயம். இரண்டை ஒடித்தால் போதும், மற்றதைக் கண்ணாலேயே பார்த்துப் பொறுக்கலாம். வெண்டையை ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்க வேண்டும், ஒரு பறிப்பு தவறினால் நார் விழுந்துவிடும். எனவே ஒரே கூடையில் விரல் நீளப் பிஞ்சும் முக்கால் சாண் காயும் கலந்திருந்தால் பிஞ்சை மட்டும் பொறுக்குங்கள்.

கத்தரிக்குக் காம்பைப் பாருங்கள். பச்சையாக, முள்ளோடு விறைப்பாக இருந்தால் புதுசு. ஒரே அளவுள்ள இரண்டில் எது லேசாக இருக்கிறதோ அதில் விதை குறைவு. துளை இருந்தால் ஒதுக்குங்கள். துளை இல்லாவிட்டால் புழு இல்லை என்றும் நினைக்க வேண்டாம். காய்த்துளைப்பான் புழு சின்னதாக இருக்கும்போதே உள்ளே போய்விடும், அந்த வழி மூடிக்கொள்ளும். நாம் பார்க்கும் பெரிய துளை அது வெளியே வந்த வழி.

சுரைக்காயில் நகம் பட்டதும் இறங்க வேண்டும். தோலில் மெல்லிய முடி இருந்தால் இளசு, வழவழவென்று மின்னினால் முற்றல். பீர்க்கங்காயைக் கையில் வளைத்தால் கொஞ்சம் வளைய வேண்டும். முருங்கைக்காயை லேசாகத் திருகினால் முறுக வேண்டும். விதை புடைத்துத் தெரிவது சாம்பாருக்குத் தேறும், பொரியலுக்கு ஆகாது. முள்ளங்கியை இலையோடு வாங்குங்கள். இலை பச்சையாக இருந்தால் கிழங்கும் புதுசு, அந்த இலையிலேயே ஒருநாள் பொரியல் முடிந்துவிடும். கையில் எடுத்தால் கனமில்லாத முள்ளங்கி உள்ளே சக்கை.

கீரைக்கட்டை வாங்கும்போது மேலே பார்த்தால் போதாது. கட்டை நடுவில் விரித்துப் பாருங்கள், அழுகல் அங்கேதான் ஒளிந்திருக்கும். இலையில் பூச்சி அரித்த ஓட்டை இருந்தால் எனக்கு அது குறையில்லை. பூ விட்ட கீரையைத்தான் தவிர்ப்பேன், தண்டு நாராகியிருக்கும். சிறுகீரையும் முளைக்கீரையும் விதைத்து மூன்று நான்கு வாரத்தில் வேரோடு பிடுங்குகிற கீரைகள். வேரில் ஈர மண் ஒட்டியிருந்தால் அன்று பிடுங்கியது.

மரவள்ளிக்கிழங்கின் நுனியை ஒடித்துக் காட்டச் சொல்லுங்கள். பால் வெள்ளையாக இருக்க வேண்டும். நீலமாகவோ பழுப்பாகவோ கோடு ஓடியிருந்தால் தோண்டி இரண்டு மூன்று நாள் ஆகிவிட்டது என்று பொருள், வேகாது.

சின்ன வெங்காயத்துக்கு, "புதுசா, பட்டறையில கிடந்ததா?" என்று கேளுங்கள். அறுவடை முடிந்ததும் சில விவசாயிகள் குச்சியும் ஓலையும் கொண்டு பட்டறை கட்டி, காற்றாட வெங்காயத்தை வைத்திருந்து விலை ஏறும்போது எடுப்பார்கள். புது வெங்காயம் ஈரம் கூடியது, வாரத்துக்குள் செலவழிக்க வேண்டும். பட்டறை வெங்காயம் தோல் சலசலவென்றிருக்கும், மாதக்கணக்கில் இருக்கும். பிடிகருணையும் அப்படித்தான், புதுசு நாக்கை அரித்து எடுத்துவிடும். கொஞ்ச நாள் கிடந்து காய்ந்ததைக் கேட்டு வாங்கி, புளி தாராளமாக விட்டுச் சமையுங்கள்.

தக்காளியில் நாட்டுத் தக்காளியும் ஆப்பிள் தக்காளியும் வேறு வேறு வேலைக்கு. நாட்டுத் தக்காளி புளிப்பும் சாறும் கூடியது, ரசத்துக்கும் குழம்புக்கும் அதுதான். இரண்டு நாளில் குழைந்துவிடும். ஆப்பிள் தக்காளி தோல் தடித்தது, பயணத்தைத் தாங்குவதற்காகவே விளைவிக்கிறார்கள். இருபது கிலோமீட்டரிலிருந்து வரும் சந்தைக்கு வந்தும் அதையே வாங்குவது எனக்குப் புரியாத விஷயம்.

6. மாதத்தை வைத்து என்ன எதிர்பார்க்கலாம்

ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள். ஆடியில் விதைத்த வெண்டை ஒன்றரை மாதத்தில் காய்க்கும், கத்தரி அதற்குப் பின்னால் வரும். ஆக ஆவணிக் கடைசியிலிருந்து மழை பிடிக்கும் வரை நாட்டுக்காய்க்கு நல்ல காலம். சீத்தாப்பழமும் அப்போதுதான். புரட்டாசித் தேவை இல்லாவிட்டால் விலை இன்னும் குறைவாக இருக்கும்.

ஐப்பசி, கார்த்திகை வடகிழக்குப் பருவமழை. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையான மூன்று மாதத்தில்தான் பெய்கிறது. தக்காளி செடியிலேயே அழுகும், பூ உதிரும், லாரி வராது. 2021 நவம்பரில் சென்னையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது நினைவிருக்கும். மழைதான் காரணம் என்றும் எப்போதும் சொல்ல முடியாது, 2023 ஜூலையிலும் அதே விலை வந்து ரேஷன் கடையில் அரசு 60 ரூபாய்க்கு விற்றது. மழை மாதங்களில் தக்காளியையும் முருங்கைக்காயையும் விட்டுவிட்டு பூசணி, சேனை, சேப்பங்கிழங்கு என்று வாங்குங்கள். குழம்புக்குப் புளி இருக்கிறது.

மார்கழியிலும் தையிலும் சந்தைக்குப் போகாதவர்கள் இழப்பது அதிகம். பந்தல் அவரையின் நாட்டு வகைகளை ஆடியில் விதைத்தாலும் பனி விழும் காலத்தில்தான் பூத்துக் காய்க்கும். வருடம் முழுவதும் கிடைப்பது குத்து அவரை, அதன் ருசி பாதிதான். பச்சை மொச்சை, பச்சைத் துவரை, சிறுகிழங்கு, பனங்கிழங்கு, சர்க்கரைவள்ளி, நெல்லிக்காய் எல்லாம் இந்த இரண்டு மாதத்தில் குவியும். பொங்கலுக்கு மூன்று நாள் முன்னால் விலை தாறுமாறாக ஏறும். பொங்கல் கழிந்த வாரத்தில் அதே மொச்சை பாதி விலைக்குக் கிடைக்கும். அதே காலத்தில் புது அரிசியும் வரும். சோற்றுக்குக் குழையும், பொங்கலுக்கு அருமையாக இருக்கும்.

மாசி, பங்குனியில் மாவடு, புதுப்புளி, மிளகாய் வற்றல். வருடத்துக்கு வாங்கி வைக்கிறவர்கள் வாங்க வேண்டியது இப்போதுதான். முருங்கைக்காய் மலிவாகத் தொடங்கும்.

சித்திரை, வைகாசியில் நுங்கு, வெள்ளரிப்பிஞ்சு, மாங்காய், மாம்பழம், பண்ருட்டிப் பக்கத்துப் பலா. எலுமிச்சை விலை கண்ணைக் கட்டும். கீரை குறையும். மாம்பழத்துக்கு ஒரு எச்சரிக்கை: கல் வைத்துப் பழுக்க வைப்பது, அதாவது கார்பைடு, சட்டப்படி தடை செய்யப்பட்டது. இருந்தும் நடக்கிறது. ஒரே சீராக மஞ்சளடித்து, காம்பருகே முகர்ந்தால் வாசமே இல்லாத பழத்தைத் தொடாதீர்கள். விவசாயியிடம் முற்றின காயாகக் கேட்டு வாங்கி, வைக்கோலிலோ அரிசிப் பானையிலோ போட்டு வீட்டிலேயே பழுக்க வையுங்கள். சீசனின் முதல் இரண்டு வாரம் பொறுத்திருந்தால் விலையும் இறங்கும், பழமும் தேறும். ஆனியில் நீலம் வந்து மாம்பழம் முடியும், ஆடியில் நாவல் தொடங்கும்.

7. மருந்தடித்ததா, இயற்கையா?

உழவர் சந்தை என்றால் இயற்கை விவசாயம் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இல்லை. நேரடி விற்பனை என்பது மட்டும்தான் அதன் பொருள். ரசாயன உரமும் பூச்சிமருந்தும் போடுகிறவர்கள்தான் அங்கே பெரும்பான்மை.

"இது ஆர்கானிக்கா?" என்று கேட்டால் "ஆமா" என்ற பதிலைத் தவிர வேறு எதுவும் வராது. "மருந்தடிச்சு எத்தனை நாளாச்சு?" என்று கேளுங்கள். மருந்துக்கும் பயிருக்கும் தக்கபடி அடித்ததற்கும் பறிப்பதற்கும் இடையே விட வேண்டிய நாள் கணக்கு உண்டு. அதை அறிந்தவர் கூச்சமில்லாமல் பதில் சொல்வார். கத்தரி, காலிஃபிளவர், கறிவேப்பிலை இவற்றில் மருந்து அதிகம் புழங்குகிறது. கறிவேப்பிலைக்கு ஒரு தொட்டியில் செடி வைத்துக்கொள்வதே உத்தமம். வாழைத்தண்டு, வாழைப்பூ, கிழங்குகள், பூசணி, அகத்தி, முருங்கைக்கீரை ஆகியவற்றில் பயம் குறைவு.

இயற்கை விவசாயம் என்பதற்குச் சான்று வேண்டுமென்றால், கோவையில் இருக்கும் தமிழ்நாட்டு அங்ககச் சான்றளிப்புத் துறை கொடுப்பது ஒன்று, விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் வயலை ஒருவர் சரிபார்க்கும் பி.ஜி.எஸ். முறை இன்னொன்று. சிறு விவசாயி நேராக உங்களிடம் விற்கும்போது சான்று கட்டாயமில்லை. எனவே சான்றில்லாதவர் பொய் சொல்கிறார் என்று முடிவு கட்டாதீர்கள். நம்பிக்கை வராவிட்டால் "ஒருநாள் தோட்டத்தைப் பார்க்க வரலாமா?" என்று கேளுங்கள். தயங்காமல் வழி சொல்கிறவரிடம் தொடர்ந்து வாங்கலாம். வீட்டுக்கு வந்தபின் ஓடும் தண்ணீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவுவது மேலே ஒட்டியிருப்பதைப் போக்கும். செடிக்குள் ஊடுருவிய மருந்தை உப்பும் மஞ்சளும் எடுத்துவிடாது.

8. பேரம், எடை

பலகையில் விலை எழுதியிருக்கும் இடத்தில் பேரம் பேசாதீர்கள். பத்து ரூபாய்க் கீரைக்கட்டை எட்டுக்குக் கேட்பதில் எந்தச் சாமர்த்தியமும் இல்லை. பலகை விலைக்கு மேல் சொன்னால் பலகையைக் காட்டுங்கள், அதுவே போதும். கடை கட்டும் நேரத்தில் மிச்சத்தை மொத்தமாக எடுத்துக்கொள்வதாக இருந்தால் மட்டும் விலை பேசுவது நியாயம், விற்கிறவருக்கும் சுமை குறையும். கொத்தமல்லி, கறிவேப்பிலை கொசுறு கேட்பது பேரத்தில் சேராது, அது வழக்கம்.

எடை போடும்போது மின்தராசு பூஜ்யத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். கல் தராசென்றால் கல்லில் முத்திரை இருக்க வேண்டும். சந்தேகமிருந்தால் சந்தைக்குள்ளேயே அலுவலகம் உண்டு, அங்கே எடை போட்டுப் பார்க்கலாம். சத்தம் போட வேண்டியதில்லை.

9. வீட்டுக்கு வந்த பிறகு

பையைக் கொட்டியதும் மூன்று குவியலாகப் பிரியுங்கள். கீரை, வாழைப்பூ, மரவள்ளி, நாட்டுத் தக்காளியில் கனிந்தது: இன்றும் நாளையும் தீர வேண்டும். வெண்டை, கத்தரி, அவரை, பீர்க்கை, புடலை: வார நடுவில். பூசணி, சேனை, சேப்பங்கிழங்கு, தேங்காய், வெங்காயம்: வாரக் கடைசிக்கு. இப்படிப் பிரித்த உடனேயே வாரத்துச் சமையல் முடிவாகிவிடுகிறது, தனியாக உட்கார்ந்து யோசிக்க வேண்டியதில்லை.

கீரையைக் கழுவாமல், வேரை மட்டும் வெட்டி, ஈரம் பிழிந்த துணியில் சுற்றி வையுங்கள். பச்சை மிளகாயின் காம்பைக் கிள்ளிவிட்டு வைத்தால் அழுகாது. தக்காளியும் வாழைப்பழமும் குளிர்பெட்டிக்கு வெளியே இருக்கட்டும். வெங்காயத்தையும் உருளையையும் ஒரே கூடையில் போடாதீர்கள், இரண்டும் சீக்கிரம் கெடும்.

மலிவாகக் கிடைக்கிறதே என்று ஐந்து கிலோ வாங்கிவிட்டீர்களென்றால், வெயில் காலமாக இருக்கும்பட்சத்தில் வற்றல் போடுங்கள். கொத்தவரையை உப்பும் கொஞ்சம் மஞ்சளும் போட்டு அரைவேக்காடாக வேகவைத்து, நீரை வடித்து, துணியில் பரப்பினால் போதும். கத்தரிக்காயும் அப்படியே, நீளவாக்கில் நறுக்கி. மாங்காயை உப்பில் ஒரு நாள் ஊறவைத்துக் காய வைக்க வேண்டும். மிளகாயும் சுண்டைக்காயும் உப்பு மோரில் ஊற வேண்டும். பகலில் வெயில், இரவில் மறுபடி அந்த மோரிலேயே, மோர் வற்றும் வரை. காய்ந்ததா என்று பார்க்க ஒன்றை எடுத்து ஒடியுங்கள். படக்கென்று உடைந்தால் டப்பாவில் போடலாம். வளைந்தால் இன்னும் ஒரு வெயில் காட்டுங்கள்.